பேர்டி ஹாலோ படத்தில் ஒரு சின்னச் சிலுவை

1

போன வியாழக்கிழமை எனக்கு வேலையில எச்சரிக்கைக் கடிதம் தந்தவை. மெல்பேணுக்கு வந்த நாளிலயிருந்து நான் கோழிப் பக்டரியில நிண்டிருக்கிறன், கந்தோர் கழுவியிருக்கிறன், வயசுபோன ஆக்களைக் குளிப்பாட்டியிருக்கிறன். ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை. வாழ்க்கையில முதல் கடிதம் இதுதான். அதை நான் ஒளிச்சு வைக்கேல்லை. குசினியில ஃபிரிஜ் கதவில காந்தம் போட்டு ஒட்டியிருக்கிறன். கடிதம் உள்பக்கம் பார்த்தபடி, வெறும் பின்பக்கம் வெளியில. இப்ப அது வெறும் பக்கமும் இல்லை, அதைக் கடைசியில சொல்லுறன்.

பால் எடுக்கப் போகேக்கயெல்லாம் இவர், என்ர மனுசன், அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுறார். விடட்டும். பெருமூச்சுக்கு விசா தேவையில்லை.

ஊரில இருக்கிற நீங்கள் நினைப்பியள், இவள் என்ன களவெடுத்தவளோ, ஆரையும் அடிச்சவளோ எண்டு. ஒண்டுமில்லை. ஒரு படத்தில ஒரு சின்னச் சிலுவையை அழிக்கச் சொன்னவை. நான் அழிக்கேல்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த அவ்வளவுக்குள்ள என்ர அரைவாசிச் சீவியம் கிடக்கு.

2

நாங்கள் இருக்கிறது கிரெய்கிபர்னில. வேலை ட்ருகனினாவில. இவர் அங்க ஒரு வேர்ஹவுசில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவர். அவரை அங்க இறக்கிப்போட்டு நாலு தெரு தள்ளி நான் போவன். கீழ டயர் அடுக்கி வைச்சிருக்கிற கட்டடம், மேல் தட்டில எங்கட கந்தோர். ஒன்பது பேர், ஒன்பது கதிரை, ஆளுக்கு ரெண்டு திரை. பழைய கடுதாசிப் படங்களை ஸ்கான் பண்ணி அனுப்புவினம். நாங்கள் அதுக்கு மேல கோடு கோடாகப் பிடிச்சுக் கம்பியூட்டர் படமாக்கிக் குடுக்க வேணும்.

இந்த வேலை எனக்குக் கிடைச்சது ஏனெண்டால், யாழ்ப்பாணத்தில நான் அரசாங்கக் கந்தோர் ஒண்டில படம் கீறினவள். கையால, மையால. இஞ்ச வந்து பத்து வருசம் மொப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்ச பிறகு, படம் கீறத் தெரியுமோ எண்டு ஒருத்தர் கேட்டபோது எனக்கு அழுகை வந்திட்டுது. சும்மா சொல்லேல்லை. நேர்முகத் தேர்வில மூக்கைச் சிந்தினனான்.

இந்த முறை வந்தது அமெரிக்காவில அப்பலாச்சியன் எண்ட மலைத்தொடரில ஒரு குக்கிராமத்தின்ர இடவிளக்கப்படம். பள்ளிக்கூடத்தில புவியியல் படிச்ச ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும், நிலம் எங்க ஏறுது எங்க இறங்குது எண்டு சமவுயரக்கோடு போட்டுக் காட்டுற படம். கிராமத்தின்ர பேர் பேர்டி ஹாலோ. ஹாலோ எண்டால் ரெண்டு மலைமுதுகுக்கு நடுவில ஒடுங்கிப்போய்க் கிடக்கிற பள்ளம். பதினொரு சின்னக் கறுப்புச் சதுரம், அது வீடுகள். கொடி வைச்ச சதுரம் பள்ளிக்கூடம். சிலுவை வைச்ச சதுரம் தேவாலயம். இதெல்லாத்தையும் விட்டுத் தள்ளி, ஒரு துண்டு வெளியில, தனிய ஒரு சிலுவை. அது கல்லறைக் காணி.

மலையில நடக்கப் போற ஆக்களுக்குப் புதுப் படம் அச்சடிக்கிற ஒரு நிறுவனத்துக்குத்தான் அந்த வேலை. அவை ஒரு பெயர்ப் பட்டியலும் அனுப்பியிருந்தினம். பட்டியல்ல உள்ளது படத்தில வரும். இல்லாதது வராது. இந்த ஒரு சட்டத்திலதான் எல்லாம் கிளம்பினது.

3

முதல்ல என்ர பிழையைச் சொல்லிப்போடுறன். நான் பிழையே விடாதவள் எண்டு நீங்கள் நினைக்கக் கூடாது.

அந்தத் தாள் நடுவில மடிஞ்சு, மடிப்பில உயர இலக்கமெல்லாம் அழிஞ்சுபோய்க் கிடந்தது. ஆத்தைக் காட்டுற நீல மையும் வெளிறிப் போச்சுது. கோடுகள் மட்டும் விரல் ரேகை மாதிரி நெருக்கி நெருக்கி. எந்தப் பக்கம் உயரம், எந்தப் பக்கம் பள்ளம்? எங்கட யாழ்ப்பாணம் தோசைக்கல்லு. அங்க நான் கீறின தாள்களில சமவுயரக்கோடு எண்டு ஒண்டோ ரெண்டோ வரும், அதுவும் கடற்கரை மணல் பிட்டிக்கு. நாங்கள் உயர ஏறுறதெண்டால் பனையிலதான்.

ஆனால் நான் சும்மா ஊகிக்கேல்லை, மூளையைப் பாவிச்சனான். சிலுவையைப் பார்த்தன். செத்த ஆக்களைக் கொண்டுபோற இடம் எண்டால் எங்க இருக்கும்? ஊருக்கு ஒதுக்கில, ஒருத்தருக்கும் உதவாத பள்ளக் காணியில. எங்கட சுடலையெல்லாம் அப்பிடித்தானே. நல்ல மேட்டுக் காணியைச் செத்தவனுக்கு ஆர் குடுப்பான்? ஆகவே சிலுவைப் பக்கம் பள்ளம், மற்றப் பக்கம் உயரம் எண்டு முடிவு கட்டி, ஒரு நாள் முழுக்க இருந்து இலக்கம் போட்டு முடிச்சன். எனக்கே என்னில பெரிய திருப்தி.

அடுத்த நாள் கார்த்திக் வந்து என்ர கதிரைக்குப் பின்னால நிண்டான். எங்கட வேலையைச் சரிபார்க்கிறவன் அவன். கோத்தகிரிப் பொடியன், நீலகிரி மலையில பிறந்து வளர்ந்தவன். என்னைவிட இருவது வயசு இளமை. திரையைப் பார்த்தான், தலையைச் சரிச்சுப் பார்த்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்.

"அக்கா, சுடுகாட்ட ஆத்துக்குள்ள வெச்சிருக்கீங்க."

"என்ன?"

"ஆமாங்கக்கா. மலையில பள்ளம்னா தண்ணி ஓடுமுங்க. ஒரு மழை பேஞ்சா பொணம் எல்லாம் மிதந்து வந்துரும். எங்க ஊருப் பக்கம் எல்லாம் மேட்டுலதான் பொதைப்பாங்க. நீங்க மலையவே தலகீழாக் கவுத்து வெச்சிருக்கீங்க பாருங்க."

என்ர முகம் சூடாப் போச்சுது. முருகா, ஒரு மலையைக் குழியாக்கி, ஆத்தை மலை உச்சியில ஓட விட்டிருக்கிறன். ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சம். எனக்குச் சிரிச்சுக் கண்ணில தண்ணி வந்திட்டுது. பேந்து இருந்து எல்லாத்தையும் திருப்பிப் போட்டன். சிலுவை இப்ப மலைமுதுகில ஏறி நிண்டுது.

அப்பதான் கண்டன். அந்த மலைமுதுகில சமமான துண்டு அது ஒண்டுதான். அதே துண்டில, நிறுவனம் அனுப்பின புதுக் குறிப்புகளில, ஒரு கூடாரப் படம் போட்டுக் கிடந்தது. நடக்கிற ஆக்கள் இரவு தங்கி, நெருப்பு மூட்டிச் சமைக்கிறதுக்கான இடம்.

"கார்த்திக், இஞ்ச பார். கல்லறைக்கு மேல கூடாரம் அடிக்கப் போறாங்கள்."

அவன் பட்டியலை இழுத்துப் பார்த்தான். "லிஸ்ட்ல சுடுகாடு இல்லைங்கக்கா. பேர்டி ஹாலோங்கிற பேரே இல்ல. இப்போ அங்க வீடு எதுவும் கிடையாதாம். ரெண்டையும் எடுத்துடுங்க. பிரச்சினை முடிஞ்சுது."

"எடுக்கிறதோ?"

"டிலீட் ஒரு தட்டு தட்டுனாப் போதும், அக்கா. புதன்கிழம அனுப்பணும்."

அவன் கெட்டவன் இல்லை. மத்தியானச் சாப்பாட்டை எனக்கும் பங்கு வைச்சுத் தாறவன். சட்டம் அப்பிடி, அவன் சொன்னான். நான் கையைக் கீபோர்டில வைச்சன். கை ஓடேல்லை.

4

ஏன் ஓடேல்லை எண்டதை இவருக்கே நான் முழுக்கச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லுறன்.

யாழ்ப்பாணத்தில நாங்கள் படம் கீறினது கண்ணாடி மாதிரி ஒரு பிலிமில. மை பிலிமுக்கு மேலதான் நிக்கும், உள்ளுக்கு ஊறாது. பிழை விட்டால் பாதிச் சவரப் பிளேட்டை எடுத்து மெல்லச் சுரண்ட வேணும். கை பழகினவள் சுரண்டினால் அடையாளமே தெரியாது. நான் நல்லாச் சுரண்டுவன். கந்தோரில என்னைவிட நல்லாச் சுரண்ட ஆளில்லை எண்டு பேர்.

நான் பிறந்தது வடக்குக் கரைப்பக்கம், கிளுவம்புலம் எண்ட குறிச்சியில. பத்தொன்பது வீடு, ஒரு நல்லதண்ணிக் கிணறு, ஒரு பிள்ளையார் கோயில். எட்டு வயசில ஒரு பின்னேரம் எல்லாரும் எழும்பி ஓடினம். பிறகு ஆமி அந்த நிலத்தைக் கம்பி அடிச்சு எடுத்திட்டுது. வருசக்கணக்கா ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது.

ஒரு நாள் மேலதிகாரி ஒரு பிலிமைக் கொண்டுவந்து என்ர மேசையில வைச்சார். பழைய படம். சிவப்புப் பென்சிலால ஒரு வட்டம் போட்டிருந்தார். "பாதுகாப்புக் காணி. உள்ளுக்கு உள்ளதெல்லாத்தையும் எடுத்திட்டு வெறுமையா விடு பிள்ளை."

வட்டத்துக்குள்ள எங்கட ஊர்.

பிளேட்டை எடுத்தன். பத்தொன்பது வீட்டையும் சுரண்டினன். எங்கட வீட்டையும்தான். கிணத்தைச் சுரண்டினன். கோயிலைச் சுரண்டினன். பனங்கூடல் மூலையில புள்ளிக்கோடு போட்ட ஒரு சின்னத் துண்டு இருந்தது, கைக்குழந்தையளைப் புதைக்கிற இடம். எங்கட ஆக்கள் பெரியாக்களை எரிப்பினம், பச்சைப் பிள்ளையளை எரிக்கிறதில்லை, தாட்டுப்போடுறது. எனக்கு முன்னம் பிறந்த அண்ணன், நாப்பது நாளில போனவன், அங்கதான் கிடக்கிறான். அதையும் சுரண்டினன். கடைசியா ஊர்ப் பேரை, ஒவ்வொரு எழுத்தா. தூளை ஊதி விட்டன். பிறகு கை கழுவிப்போட்டுப் போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டன். இடியப்பமும் சொதியும். நல்ல பசி, வடிவாச் சாப்பிட்டன். அதைத்தான் எனக்கு இண்டைக்கும் மன்னிக்கேலாமல் கிடக்கு.

காலம் போய், கம்பியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாங்கள். சனத்தை உள்ளுக்கு விட்டாங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனன். வீடு, மரம், மதில் ஒண்டுமில்லை, எல்லாம் டோசர் போட்டு வழிச்சுக் கிடந்தது. அம்மா கையில ஒரு விளக்கும் திரியும் எண்ணெயும். என்ர தோளில கிடந்த பையைக் காட்டினா.

"நீ படம் கீறுற பிள்ளைதானே. அந்தப் படத்தை எடுத்துப் பார். உன்ர அண்ணையை எங்க வைச்சது எண்டு காட்டு."

படத்தை விரிச்சன். அச்சடிச்ச படம், என்ர கையால திருத்தினது. வட்டத்துக்குள்ள வெள்ளை. ஒரு குறி இருந்திருந்தால் தெருவிலயிருந்து அடி பிடிச்சு அளந்து காட்டியிருப்பன். நான் பொய் சொன்னன். "படத்தில அது இல்லை அம்மா, முந்தியே போடேல்லைப் போல."

அம்மா விளக்கைத் திருப்பிப் பைக்குள்ள வைச்சா. அடுத்த வருசம் செத்துப்போனா. நாங்கள் அதுக்குப் பிறகுதான் இஞ்ச வரப் படகு ஏறினது.

5

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கார்த்திக்குக்குச் சொன்னன், "தம்பி, நான் இதை எடுக்க மாட்டன். நீ வேணுமெண்டால் எடு."

"அக்கா, நம்மகிட்ட என்ன ஆதாரம் இருக்குங்க? பழைய படம். இப்போ அங்க கல்லறை இருக்குதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

"அதைக் கேட்டால் சரிதானே?"

"யார்கிட்டக் கேப்பீங்க?"

வீட்ட வந்து தேடினன். மலையடிவாரத்தில இன்னும் ஒரு சின்னத் தேவாலயம் நடக்குது, ஃபோன் நம்பரோட. எனக்கு அமெரிக்காவுக்கு எடுத்துக் கதைக்கப் பயம், அதால மகளைக் கூப்பிட்டன். அபி நாலு வயசில எங்களோட படகில வந்தவள். இப்ப பதினெட்டு. ஆரும் எந்த ஊர் எண்டு கேட்டால் "கிரெய்கி" எண்டு சொல்லுவாள். பிழையில்லை, அவளுக்கு வேற ஊர் ஞாபகமில்லை. நான் தமிழில கேட்பன், அவள் இங்கிலிசில மறுமொழி சொல்லுவாள், எங்கட வீடு அப்பிடித்தான் ஓடுது.

"அம்மா, யூ கான்ட் ஜஸ்ட் ரிங் ராண்டம் பீப்பிள்."

இவர் தேத்தண்ணிக் கோப்பையை டொக்கெண்டு வைச்சார். "உனக்கென்ன விசரே? அடுத்த மாசம் விசா புதுப்பிக்க வேலையால கடிதம் வேணும். ஆரோ வெள்ளைக்காரன்ர சவக்காலைக்கு நீ ஏன் வழக்காடுறாய்?"

அந்த விசாப் பத்திரம் ஏற்கெனவே மேசையில கிடந்தது. அதில பிறந்த ஊர் எண்ட இடத்தில பட்டியல்லயிருந்து ஒண்டைத் தெரிய வேணும். கிளுவம்புலம் அதில இல்லை. ஒவ்வொரு முறையும் நாங்கள் "வேறு" எண்டதை அமத்திப்போட்டுப் போறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"வழக்காடத்தான் போறன்," எண்டன். "எங்கட சவக்காலைக்கு ஒருத்தரும் வழக்காடேல்லைத்தானே. உங்களுக்குப் பயமெண்டால் அறைக்குள்ள போய் இருங்கோ."

புதன்கிழமை காலமை ஏழு மணிக்கு அபி ஸ்பீக்கரைப் போட்டு நம்பரை அமத்தினாள். அங்க முதல் நாள் பின்னேரம். ஒரு மனுசி எடுத்தா. ரூபி எண்டு பேர், தேவாலயத்தைத் திறந்து பூட்டுறவ, குரலைக் கேட்டால் எண்பது இருக்கும். சொல்லை இழுத்து இழுத்து, அரைவாசியை மூக்காலயே கதைச்சா. அபி வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள், அவளுக்கு ஒரு வசனம் பிடிபடேல்லை. இஞ்ச பிறந்த ஆக்கள் மாதிரி இங்கிலிஸ் கதைக்கிற பிள்ளைக்கு! எனக்கு எல்லாம் விளங்கினது. இந்த நாட்டில எத்தினை விதமான இங்கிலிசுக்குக் காதை நீட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறன். ஃபோனை நானே பறிச்சன்.

பேர்டி ஹாலோக் கல்லறையோ? ஓம், இருக்கு எண்டா. பதினாலு பேர். அதில ஆறு பச்சைப் பிள்ளையள், பேரில்லை, ஆத்தங்கல்லை நட்டு வைச்சிருக்கு. வெள்ளம் எடுக்கக்கூடாது எண்டுதான் மேல கொண்டுபோனது. ஊரைவிட்டுச் சனம் எழும்பிப் போனாலும் ஒவ்வொரு வருசமும் வெயில் தொடங்க எல்லாரும் ஏறிப் போய், புல்லு வெட்டி, பூ வைச்சு, அந்தப் புல்லிலயே இருந்து சாப்பிட்டுட்டு வாறவையாம். ஒரு பிள்ளை அவவின்ர தங்கச்சி.

நான் கூடாரக் கதையைச் சொன்னன். மனுசி கேட்டா, "அப்ப நீ எங்களைப் படத்தில விடுவியோ, பிள்ளை?"

"விடுவன்," எண்டன். சொல்ல எனக்கு ஒரு அதிகாரமுமில்லை. சொல்லிப்போட்டன்.

ஃபோனை வைச்ச பிறகு அபி என்னையே பார்த்துக்கொண்டு நிண்டாள். "அம்மா, ஏன் இது உங்களுக்கு இவ்வளவு முக்கியம்?" எண்டு கேட்டாள், தமிழில. நான் வேலைக்கு நேரமாச்சு எண்டு வெளிக்கிட்டிட்டன்.

கந்தோரில சிலுவையை அந்த மலைமுதுகில விட்டன். பேர்டி ஹாலோ எண்ட பேரையும் எழுத்து எழுத்தா விட்டன். ஓரத்தில நிறுவனத்துக்கு ஒரு குறிப்பும் எழுதினன்: இந்த இடத்தில பதினாலு கல்லறை இருக்கு, உறவுக்காரர் இப்பவும் வந்து போகினம், விசாரிச்சது நான், கூடாரத்தை வேற இடத்தில போடுங்கோ. கீழ என்ர முழுப் பேர். கார்த்திக் அதை ரெண்டு தரம் வாசிச்சான்.

"அக்கா, இத அனுப்புனா உங்க வேலை போயிரும்."

"நீ சரிபார்த்தது உயரங்களைத்தானே. உயரம் சரியோ?"

"உயரம் சரிங்கக்கா."

"அப்ப அதை மட்டும் சொல்லு. மிச்சம் என்ர தலையில."

அவன் கதிரையை என்ர பக்கம் இழுத்துப்போட்டு இருந்தான். பிறகு என்ர குறிப்புக்குக் கீழ தன்ர பேரையும் அடிச்சுச் சேர்த்துப்போட்டு அனுப்பினான். விசரன்.

6

அடுத்த வியாழன் மனேஜர் கூப்பிட்டார். கிளென் எண்டு பேர், கத்தத் தெரியாத மனுசன், அதால வழக்கத்தைவிட மெதுவாக் கதைச்சார். நிறுவனம் கூடாரத்தைக் கீழ ஆத்தங்கரைப் பக்கம் மாத்திப்போட்டுதாம். கல்லறையும் பேரும் படத்தில வருமாம். ஆனால் வேலை விசயத்தை வைச்சு வெளியாளோட கதைச்சது ஒப்பந்த மீறல். கார்த்திக்கைக் கூப்பிட்டு வாயால ஏசி விட்டாச்சு. எனக்கு எழுத்தில. இன்னொருக்கால் நடந்தால் வேலை இல்லை.

கடிதத்தை என்ர பக்கம் தள்ளினார். அடியில ஒரு வசனம், "என் பிழையை நான் ஒப்புக்கொள்கிறேன்" எண்ட கருத்தில. அதுக்குக் கீழ கையெழுத்து.

"இதில வைக்க ஏலாது," எண்டன்.

"ஏன்?"

"நான் விட்ட பிழை ஒண்டு இருக்கு. ஒரு முழு மலையைத் தலைகீழாப் போட்டனான். கார்த்திக் சாட்சி. அதுக்கு ஒரு கடிதம் அடிச்சுத் தாங்கோ, இப்பவே வைக்கிறன். இது பிழை இல்லை."

கிளென் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். கடைசியில நான் அந்த வசனத்தைப் பேனையால வெட்டிப்போட்டு, கிடைச்சது எண்டு மட்டும் எழுதிக் கையெழுத்து வைச்சன். ஒரு பிரதி அவருக்கு, ஒண்டு எனக்கு. விசாவுக்கான வேலைக் கடிதம் தருவினமோ இல்லையோ இன்னும் தெரியாது. பயமில்லையெண்டு சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் மத்தியானம் சாப்பிடேக்க எனக்கு என்னில அருவருப்பு வரேல்லை.

அண்டைக்குப் பின்னேரம் குசினி மேசையில கடிதத்தைப் பிரட்டி வைச்சு, பின்பக்கத்தில பேனையால கீறத் தொடங்கினன். கரைத்தெரு, ஒழுங்கை, கோயில், கிணறு, பத்தொன்பது சதுரம். சுரண்டினவளுக்குச் சுரண்டினது மறக்காது, கண்டியளோ. அபி ஃபிரிஜைத் திறக்க வந்தவள், அதை மறந்துபோய் நிண்டு பார்த்தாள்.

"வாட்ஸ் தற் ப்ளேஸ்?"

"கிளுவம்புலம். நான் பிறந்த இடம்."

பனங்கூடல் மூலை வந்தபோது நான் கோட்டை விட்டு விட்டுக் கீறினன். எங்கட தொழிலில, இடம் சரியாத் தெரியாட்டி அப்பிடித்தான் கீறுறது, பொய் சொல்லாமல் இருக்க. அதுக்குள்ள ஒரு சின்ன வட்டம் வைச்சன்.

"இதில ஆர்?"

"உன்ர மாமா. நாப்பது நாள் இருந்தவர். அம்மம்மா விளக்கோட தேடிப் போனவ. நான்தான் அதைப் படத்திலயிருந்து எடுத்தனான். காட்டேலாமல் போச்சு."

முதல் முறையா வெளியில சொன்னன். உள்ளயிருந்து இவர் வந்து நிண்டதைக் காணேல்லை. கேட்டிட்டார் போல. பெருமூச்சு விடேல்லை. கிணத்துக்கு அங்கால ஒரு சதுரத்தைத் தொட்டு, "இது ஆர் வீடு?" எண்டு மட்டும் கேட்டார்.

அபி பென்சிலை நீட்டினாள், பிழைச்சால் அழிக்கலாம் எண்டு. வேண்டாமெண்டன். இது பிலிம் இல்லைப் பிள்ளை, கடுதாசி. மை உள்ளுக்கு ஊறியிருக்கு. இனி ஆரும் வந்து சுரண்டினால் தாள் கிழியும். கிழியட்டும். கிளுவம்புலம் இருந்த இடத்தில ஒரு ஓட்டையாவது நிக்கும்.